கை நனைத்த வீடு

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சண்டை என்று வந்துவிட்டால் முதலில் நிற்பது பேச்சு இல்லை, சாப்பாடுதான். பேசிக்கொண்டிருப்பார்கள், ஏசிக்கொண்டுகூட இருப்பார்கள்; ஆனால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் கொடுத்தால்கூட இப்போதுதான் குடித்தேன் என்று சொம்பைத் தள்ளி வைப்பார்கள். சண்டை தீர்ந்தது என்பதற்கும் வேறு அத்தாட்சி கிடையாது. எழுதி வாங்குவதில்லை, சத்தியம் செய்வதில்லை. இலை போட்டு, சோறு வைத்து, கோபமாக இருப்பவர் உட்கார்ந்து ஒரு வாய் அள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு பழையதைக் கிளறுகிறவன்தான் கெட்டவன்.

நல்ல வழக்கம் என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். வரப்புத் தகராறு, பாதைத் தகராறு, கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன தகராறு எல்லாம் இப்படித்தான் தீர்ந்தன. என் தங்கை விஷயத்தையும் இப்படியே மூன்று முறை தீர்த்தோம். நாலாவது முறை தீர்க்கப் போனபோது நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்குப் பின்னால் வீடு. அம்மா, மனைவி, நான் என்று மூன்று பேர். மகன் வெளியூரில் தங்கிப் படிக்கிறான். அப்பா இறந்த பிறகு தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தது நான்தான். சோழவந்தானில் வெற்றிலை வியாபாரி. கொடிக்கால்காரர்களிடம் வெற்றிலை வாங்கிக் கட்டி வெளியூர்களுக்கு அனுப்புகிறவர். இன்றைக்கும் அவரை 'அவர்' என்றுதான் எழுத வருகிறது. தங்கையைக் கட்டிய மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுத்துப் பழகிய வாய், சீக்கிரம் மாறாது போலிருக்கிறது.

அவருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பேச்சு மெதுவாக இருக்கும். வீடு பார்க்கப் போன அன்று அவருடைய கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நகம் பட்டால் இலை கறுத்துவிடும் என்று விரல் நுனியால் எடுத்து, காம்பெல்லாம் ஒரே பக்கமாக, அழுங்காமல் அடுக்கினார். நான் இரும்போடு மல்லுக்கட்டுகிறவன். அவ்வளவு பதமான கையைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். திரும்பி வந்து அம்மாவிடம், பொறுமைசாலி, கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தோம்.

கல்யாணமாகி எட்டாவது மாதம் தங்கை தனியாக பஸ் ஏறி வந்து இறங்கினாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. அம்மா முதலில் செய்த காரியம் வாசல் கதவைச் சாத்தியது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது அதற்கப்புறம்தான். என்ன நடந்தது என்று கேட்டோம். அவரிடம் சொல்லாமல் பக்கத்து வீட்டு அம்மாவோடு ரேஷன் கடைக்குப் போய்வந்தாளாம், அதற்காக. அவ்வளவுதானா என்று அம்மா கேட்டாள். அவ்வளவுதான் என்றாள் தங்கை. இவ்வளவு சின்னக் காரணத்துக்கா அடித்தார் என்ற அர்த்தத்தில் அம்மா கேட்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா கிளம்பி வந்தாய் என்றுதான் கேட்டாள்.

ஒன்பது நாள் கழித்து மாப்பிள்ளையின் சித்தப்பா என் பெரியப்பாவுக்கு போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பேசுவது என்று முடிவானது. இதில் கவனிக்க வேண்டியது, அன்றைக்குக் கோபத்தில் இருந்தவர் மாப்பிள்ளைதான். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டு வந்துவிட்டாள் என்பது அவர் பக்கத்துப் புகார். அடித்தவர் முறைத்துக்கொண்டிருந்தார், அடி வாங்கினவளின் வீட்டார் நாங்கள் அவரைச் சமாதானம் செய்தோம். அப்போது அது எங்கள் யாருக்கும் கோணலாகத் தெரியவில்லை. இரண்டு கை தட்டினால்தான் ஓசை வரும் என்று பெரியப்பா சொன்னார், எல்லோரும் தலையாட்டினோம். கன்னத்தில் ஓசை வர ஒரு கையே போதும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

விடியற்காலையே போய்க் கறிக்கடையில் நின்று, இளங்குட்டியாகப் பார்த்து, முன்னங்கால் வாங்கி வந்தேன். என் மனைவி உப்புக்கறி செய்தாள், எலும்புக் குழம்பு வைத்தாள், குடல் வறுவல், முட்டை, ரசம். மாப்பிள்ளை இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். சோறு வைத்தாயிற்று. அவர் தொடவில்லை. குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தது நடந்துபோச்சு, கை நனைங்க மாப்ள என்று பெரியப்பா கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கூடத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. தங்கைதான் அவருக்கு இரண்டாவது தடவை கறி வைத்தாள். மறுநாள் காலை நானே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாவது முறை வந்தபோது கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. முழங்கைக்கு மேலே ஐந்து விரலும் கன்றிப் பதிந்திருந்தன. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது அவனியாபுரத்தில் பலருக்குத் தெரியும். அன்று பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நேரே சோழவந்தான் போனேன். வெற்றிலை கட்டும் கொட்டகையில் வேலையாட்கள் முன்னால் அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடிங்க மச்சான், தப்பு என்னுடையதுதான் என்றார். சுற்றி நின்றவர்கள் அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள். எனக்கே கூச்சமாகிவிட்டது, கையை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, நல்ல மனுஷன்தான், இனிமேல் செய்ய மாட்டார் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தோம்.

வேலையாட்கள் முன்னால் நான் சட்டையைப் பிடித்ததற்குத் தங்கை எத்தனை நாள் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது பிற்பாடு தெரியவந்தது. அதை இங்கே விரித்து எழுத எனக்குத் தெம்பில்லை. நாலு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்று இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். தட்டுகிறவன் தட்டிவிட்டுத் தன் வீட்டுக்கு வந்துவிடுகிறான். அவளல்லவா அங்கே இருக்கிறாள்.

ஏன் அடிக்கிறார் என்று எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். பெரியப்பா வியாபார நெருக்கடி என்றார். நான் கோபக்காரர் என்றேன். என் கூட்டாளி என்று ஒருவிதத்தில் நினைத்தேனோ என்னவோ. குடித்திருந்தால் எங்களுக்கு ரொம்ப வசதியாக இருந்திருக்கும், பழியைச் சாராயத்தின் மேல் போட்டிருப்போம். ஒருமுறை வேலையாக மதுரை மார்க்கெட்டுக்குப் போனபோது, பெரிய வியாபாரி ஒருவர் இலை வாடியிருக்கிறது என்று வெற்றிலைக் கட்டை மாப்பிள்ளை மேலேயே எறிந்ததைப் பார்த்தேன். நான் என்றால் அந்த இடத்தில் ரகளை ஆகியிருக்கும். அவர் சிரித்தார். கீழே கிடந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சரிண்ணே, நாளைக்கு நல்லதா அனுப்புறேன் என்றார். அந்த இடத்தில் எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என்ன பொறுமை என்று வியந்துகொண்டு வந்தேன்.

மூன்றாவது முறை வந்தபோது இடுப்பில் மூன்று வயது மகள். தங்கையின் நெற்றியில் இரண்டு தையல். நிலைப்படியில் இடித்துக்கொண்டாள் என்று பக்கத்து வீடுகளில் சொன்னோம். பெரியவர்கள் வந்தார்கள், பேசினார்கள், அடிக்கிற கைதான் அணைக்கும் என்றார்கள். என் மனைவி அன்று சமைத்துப் போட்டாள். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை, பாத்திரங்கள்தான் பேசின. விருந்தாளிகள் காதில் விழப்போகிறது என்று அடுப்படிக்குப் போய் அவளைக் கடிந்துகொண்டேன். மாப்பிள்ளை ஈரல் இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கும் அன்று கறி நன்றாகவே இறங்கியது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்துக்கு அர்த்தமில்லை.

பிறகு யாராவது கேட்டால் நான் ஒரு பதில் வைத்திருந்தேன். அவளே வாயைத் திறந்து போக மாட்டேன் என்று சொல்லவில்லையே, சொல்லியிருந்தால் நான் அனுப்பியிருப்பேனா என்பேன். கேட்டவர்களும் ஒத்துக்கொள்வார்கள். நானும் அதை நம்பினேன்.

நாலாவது முறை அவளாக வரவில்லை. ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், சோழவந்தானில் அவர்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடமிருந்து போன் வந்தது. முஸ்லிம் குடும்பம், வீட்டில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்கள். முதல் தடவை ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனது இந்த அம்மாதான். தம்பி, ஒரு கார் எடுத்துக்கிட்டு வந்துருங்க, புள்ள நம்ம வீட்லதான் இருக்கா என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

போய்ப் பார்த்தபோது தங்கை அந்த வீட்டுக் கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது காதிலிருந்து கழுத்துவரை ரத்தம் வடிந்து காய்ந்திருந்தது. மகள் மடியில் தூங்கியது. நான் பேசியதற்கு, முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினாள். மாப்பிள்ளை கடைக்குப் போய்விட்டாராம். வழக்கமான நேரத்துக்கு, வழக்கம்போல.

அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அடிக்கிற சத்தம் கேட்டால் இந்த அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவாராம், உறைக்கு மோர் கொஞ்சம் வேண்டும் என்று. இரண்டு மாடு நிற்கிற வீட்டில் உறைமோருக்கா பஞ்சம்? மாப்பிள்ளைக்கும் அது தெரியும். ஆனாலும் கதவைத் திறந்து, வாங்கம்மா என்று சிரித்த முகத்தோடு சொல்லி, தங்கையை மோர் எடுத்து வரச் சொல்வாராம். அன்றைக்கு அத்தோடு நின்றுவிடுமாம். அன்று காலை அந்த அம்மா ஒரு துக்கத்துக்குப் போயிருந்திருக்கிறார். திரும்பி வரும்போது காரியம் முடிந்திருந்தது.

காரில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். தன்னை மறந்த கோபம் என்றால் ஒரு டம்ளர் மோருக்கு நிற்குமா? மார்க்கெட்டில் வியாபாரி வெற்றிலைக் கட்டைத் தூக்கி எறிந்தபோது வராத கோபம், கதவைத் தட்டினால் போய்விடுகிற கோபம். அது கோபமே இல்லை. எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அடிக்கலாம் என்று தெரிந்த ஒரே இடத்தில் அடித்திருக்கிறார். அந்த இடத்துக்கு அவளை மூன்று முறை கொண்டுபோய் விட்டது நான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எப்படி ஆச்சு என்று கேட்டார். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று தங்கை சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை வெளியே நிற்கச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார். செவிப்பறை கிழிந்திருக்கிறது, இதற்கு முன்னாலும் அதே காதில் அடி விழுந்திருக்கிறது, இனி முழுதாகக் கேட்காது என்றார். இரண்டு விரலால் காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து காட்டி, அடுத்த தடவை கொஞ்சம் தள்ளி விழுந்தால் இங்கே கூட்டிவர வேண்டிய வேலையே இருக்காது என்றார். அவர் குரலில் கடுமையில்லை.

பன்னிரண்டாவது நாள், மாப்பிள்ளையின் சித்தப்பாவிடமிருந்து போன் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். அம்மா சனிக்கிழமையே கறிக்கடைக்குச் சொல்லி வைத்துவிட்டு வரும்படி என்னிடம் சொன்னாள். நான் சொல்லி வைத்தேன். டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவன், போய்ச் சொல்லி வைத்தேன். பேசி முடிக்கத்தான் வேண்டும், இந்தத் தடவை கண்டிப்பாகப் பேசிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். பழகிய தடத்தில் மாடு தானாகவே போகும் என்பார்கள், அப்படித்தான்.

ஞாயிறு காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மனைவி அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், கறி எடுத்து வந்தால் நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள், நான் அடுப்பைப் பற்றவைக்கப் போவதில்லை என்றாள். எனக்கு ஏறிவிட்டது. வருகிறவர்களைப் பட்டினி போட்டு அனுப்புவதா, மானம் மரியாதை வேண்டாமா என்று கத்தினேன். கையை ஓங்கினேன். இருபது வருடத்தில் நான் அவளை அடித்ததில்லை. ஆனால் ஓங்கியது அதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது. அவள் ஓங்கிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூணு தடவை அடிச்சாரு. மூணு தடவையும் அண்ணே அண்ணேன்னு கூப்புட்டு இந்தக் கையாலதான் ஆக்கிப் போட்டேன். பொண்டாட்டிய அடிச்சா மாமியா வீட்ல கறிச்சோறு கெடைக்கும்னு பழக்கி விட்டதே நாமதாங்க."

நான் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். லீவு நாள், யாரும் இல்லை. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பட்டறைக்கு ஆபீசர் யாராவது சோதனைக்கு வந்து எரிந்து விழுந்தால் நான் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. டீ வாங்கிக்கொடுத்து அனுப்புவேன். என் கோபத்துக்கும் ஆள் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அவரும் நானும் வேறு வேறு என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். வேறுதான், ஆனால் நான் நினைத்த அளவுக்கு வேறு இல்லை. ரொம்ப அவமானமாக இருந்தது. கறிக்கடைக்கு போன் செய்து, இன்றைக்கு வேண்டாம் என்று சொன்னேன்.

வீட்டுக்குள் வந்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுப்பா என்றாள். யாரும் செய்ய வேண்டாம், நானே பருப்பாவது வைக்கிறேன், கை நனைக்காமல் அனுப்பினால் உறவு அறுந்துவிடும் என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். என் மனைவி தடுக்கவில்லை. அம்மா லைட்டரைத் தேடிக்கொண்டிருந்தபோது தங்கை அறையிலிருந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. குனிந்து சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருகி மூடிவிட்டு மறுபடி அறைக்குப் போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு வேனில் ஆறு பேர் வந்தார்கள். எங்கள் பக்கம் பெரியப்பாவும் இரண்டு பங்காளிகளும். பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில், தலைகுனிந்து, கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல இருந்தார். பேச்சு ஆரம்பித்தது. காது விஷயத்தை ஏதோ கை தவறி என்றார்கள். புள்ளைக்கு அப்பா வேண்டாமா என்றார்கள். வாழாவெட்டியாக உட்கார்த்தி வைக்கப் போகிறீர்களா என்றார்கள். விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே தாழப் போனது. எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

ஒரு மணி ஆயிற்று. மற்ற தடவைகளில் இந்த நேரத்துக்கு அடுப்படியிலிருந்து மசாலா வாசம் வந்திருக்கும். குரல்கள் தாழ்ந்திருக்கும், சரி விடுங்கப்பா, நம்ம புள்ளைகதானே என்று யாராவது ஆரம்பித்திருப்பார்கள். அன்று ஒரு வாசமும் இல்லை. பேச்சும் முடியவில்லை. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அடிக்கடி அடுப்படிப் பக்கம் பார்த்தார். எங்கள் வீட்டுப் பஞ்சாயத்துகளில் இத்தனை வருடமாகத் தீர்ப்புச் சொன்னது பெரியப்பா இல்லை, குழம்புதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரிப்புகூட வந்தது. அந்த இடத்தில் சிரிக்க முடியுமா.

இரண்டு மணிக்குப் பெரியப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இலை போடவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். இன்றைக்குச் சமைக்கவில்லை என்று சொன்னேன். அவர் புரியாமல் என் முகத்தைப் பார்த்தார். மற்றவர்கள் காதிலும் அது விழுந்துவிட்டது. சித்தப்பா எழுந்தார், வேட்டியை உதறிக் கட்டினார். வீடு தேடி வந்தவர்களுக்கு ஒரு வாய்ச் சோறு போடாத வீடா இது என்று கேட்டார். மூன்று மணி நேரமாக ஒரு பெண்ணின் காதைப் பற்றிப் பேசியபோது அந்தக் கூடத்தில் யாருக்கும் வராத ஆத்திரம் சோற்றுக்கு வந்தது. கூட வந்தவர்களும் எழுந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை மட்டும் எழவில்லை. முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரல் அதே மெதுவான குரல்தான்.

"அப்ப அனுப்புற உத்தேசம் இல்லையா மச்சான்?"

"இல்ல மாப்ள" என்றேன். இன்னும் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். அவ்வளவுதான் வந்தது.

வேன் கிளம்பிப் போனது. போகிற வழியில் ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் நிறுத்திச் சாப்பிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் பெரியப்பாவும் அவர்களோடு போய்ச் சாப்பிட்டிருக்கிறார். பசி பொறுக்காத மனுஷன், குற்றம் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு சொந்தத்தில் இரண்டு விசேஷங்களுக்கு எங்களை அழைக்கவில்லை. அம்மா என் மனைவியோடு நேரடியாகப் பேச ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை எல்லாம் என் வழியாகத்தான். குடும்பத்தைக் கெடுத்தவள் என்று மனைவியைத்தான் எல்லோரும் சொன்னார்கள், மாப்பிள்ளையைச் சொன்னவர்கள் குறைவு. இதையெல்லாம் எப்படித் தடுப்பது என்று டீக்கடையில் பேச்சு வந்தால், சட்டம் வேண்டும், போலீஸ் வேண்டும், படிப்பு வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். நான் பார்த்தவரை அவரை நிறுத்தியது ஒரு டம்ளரோடு கதவைத் தட்டிய அம்மாவும், பற்றவைக்காத ஓர் அடுப்பும். ஆண்கள் நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒன்றையும் நிறுத்தவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான், இப்படிப்பட்ட பெண்களுக்காகவே அரசாங்கத்தில் ஓர் அதிகாரி இருக்கிறார் என்று தெரிந்தது. தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன அறை, மேஜை நிறைய பைல்கள். தங்கை நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, வலது காது அந்த அதிகாரியின் பக்கம் வருமாறு உட்கார்ந்தாள். நான் விஷயத்தை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அதிகாரியம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேணும்மா, நீங்க சொல்லுங்க என்றார்.

தங்கை யோசித்துத் தடுமாறுவாள், என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. இனி அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். மகள் என்னோடு இருக்க வேண்டும். அவர் அவனியாபுரம் வீட்டு வாசலுக்கு வரக் கூடாது. எனக்கு ஒரு வேலை வேண்டும், தையல் தெரியும். எழுதி வைத்ததைப் படிக்கிறவள்போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதிகாரியம்மா எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து மரத்தடியில் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். எனக்கு உள்ளூர ஒரு வருத்தம். மனதில் இவ்வளவு தெளிவாக வைத்திருந்தவள், யாரோ முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம் சொன்னதை என்னிடம் ஒருநாள் சொல்லியிருக்கலாமே என்றேன். குறையாகச் சொல்லாதது மாதிரிதான் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சொன்னேன்ண்ணே. மொதத் தடவையே சொன்னேன். அடுப்படில வச்சு, நான் போகலண்ணேன்னு சொன்னேன். நீ கறிச் சட்டியக் கையில வச்சிருந்த. மொதல்ல எல்லாரும் சாப்டட்டும், அப்புறம் பேசிக்குவோம்னு சொன்ன."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். அன்றைக்கு என்னென்ன சமைத்தோம், யார் யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள், மாப்பிள்ளை எத்தனை தடவை கறி வாங்கினார் என்பதெல்லாம் வரிசையாக நினைவு வந்தது. அவள் சொன்னது நினைவில் இல்லை.